கஞ்சியை ஊற்றாத கதை

1

இன்று காலை சோறு வடித்த கஞ்சியைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன். ஊற்றிய கையோடு எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை பிறந்த விதம் அவ்வளவுதான். வெட்கப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் எழுதுகிறேன், பாதிக் கோபம் என்மேல், மீதி 'கழிவு' என்ற சொல்லின்மேல்.

[1927. பினாங்குத் துறைமுகத்தில் கப்பல்கள் ஒவ்வொன்றாக]

வேண்டாம். கப்பல் இல்லாமலும் பினாங்கு உண்டு. சமையலறையில் தொடங்குகிறேன்.

2

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்சந்தில் சித்தி ஹாஜரா என்பவளுக்கு ஒரு சோற்றுக்கடை. (அந்தக் காலத்தில் ஒரு பெண் தனியாகக் கடை நடத்தியிருப்பாளா என்று கேட்கிறீர்கள். நானும் சந்தேகப்பட்டு ஒரு கணவரைச் சேர்த்துப் பார்த்தேன். வாய் திறந்த முதல் வரியிலேயே அதிகாரிக்குத் தலையாட்டினார். அவரை அடித்துவிட்டேன், பேனாவால்தான்.)

அவள் கடையில் எதுவும் வீணாகப் போகாது. அடிப்பிடித்த சோறு வெயிலில் காய்ந்து வடகமாகும். மீன் செதில் கொல்லை முருங்கைக்குப் போகும். வடித்த கஞ்சியை டோபி சுப்பையா குடத்தில் வாங்கிப்போய்ச் சலவைத் துணிக்குப் போடுவார்.* திரும்பி வரும்போது தம் வெள்ளாவி அடுப்புச் சாம்பலைக் கொண்டுவருவார். அந்தச் சாம்பலில்தான் கடைப் பாத்திரங்கள் பளபளக்கும். இந்த ஏற்பாட்டுக்கு இருவரும் பெயர் எதுவும் வைக்கவில்லை.

* குடிப்பதும் கஞ்சி, துணிக்குப் போடுவதும் கஞ்சி. தமிழ் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. இனி வரப்போகிற சட்டத்தை எழுதியவருக்கு அந்தத் தமிழ் தெரியாது.

3

சுகாதார இன்ஸ்பெக்டர் அர்ஜுனன் வந்தது மதியச் சாப்பாட்டு நேரத்தில். சோற்றுக்கடைக் கஞ்சி கழிவுநீர், அதைச் சேர்த்துவைப்பதும் வெளியே கொடுப்பதும் குற்றம் என்று ஒரு தாளைப் படித்தார். தம் கண்முன்னே சாக்கடையில் ஊற்றச் சொன்னார். ஊற்றாவிட்டால் கடையின் லைசென்சு ரத்து.

இந்தக் கடையை விட்டால் ஹாஜராவுக்குப் பிழைப்பு கிடையாது. கஞ்சிப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கி, சாக்கடை ஓரம்வரை போனாள். அங்கே நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். வெள்ளைக் கோட்டு, விறைத்து நிற்கும் காலர்.

[அவள் கண்களில் நெருப்பு]

இல்லை, பயம்தான் இருந்தது. பயந்துகொண்டேதான் சொன்னாள்:

"ஐயா, ஒங்க உடுப்பு சுப்பையா அண்ணன் வெளுக்கிறதுதானே? இந்தக் கஞ்சியிலதான் அந்தக் காலர் நிக்கிது. இது கழிவுன்னா, கழுத்துல என்னா மாட்டியிருக்கீங்க?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கைகள் இலையிலேயே நின்றன. அர்ஜுனன் காலரைத் தொட்டார், உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"சட்டம்லா, அக்கா. நான் எழுதல. ஊத்துங்க."

4

முதல் முடிவில் அவள் ஊற்றுகிறாள்; கடை பிழைக்கிறது. சுப்பையா கஞ்சிமாவை டப்பாவில் வாங்குகிறார், ஹாஜரா பாத்திரம் தேய்க்கத் தூள் வாங்குகிறாள். காலியான இரண்டு டப்பாக்களும் அதே சாக்கடையில் மிதக்கின்றன. ஒழுங்கான முடிவுதான். எழுதக் கை கூசுகிறது.

இரண்டாவதில் அர்ஜுனன் மனம் மாறித் தாளைக் கிழிக்கிறார். என் நண்பர் ஒருவர் இதைத்தான் கேட்டார். மாட்டேன். ஒருவர் நல்லவராகிவிட்டதால் சட்டம் செத்துவிடாது. நாளைக்கு வேறொருவர் அதே தாளோடு வருவார்.

மூன்றாவதில் [அவள் பானையை அவர் காலடியில்]

சீ, அப்படியும் கஞ்சி வீணாகத்தானே போகும்.

5

ஆகவே அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். ஊற்றாவிட்டால் கடை போய்விடும். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கையை நான் சாய்க்கப்போவதில்லை. எழுத்தாளன் கடமை, கதையின் ஒழுங்கு என்று யார் எதைச் சொன்னாலும் சரி. ஊற்றித்தான் ஆகவேண்டும் என்று நினைக்கிற வாசகர் எழுந்து வரலாம். பானை சுடுகிறது, துணியால் பிடித்துக்கொள்ளுங்கள். அவளிடமிருந்து வாங்கி, அவள் பார்க்க, நீங்களே ஊற்றுங்கள்.