ஒரு ஜோடி ஓடினால் போதும்

முதல் பரிசு பத்தாயிரம் டாலர் என்று சுவரொட்டி அடித்தபோது நூற்றைம்பது கார்களாவது வரும் என்று வெர்னெட் நம்பினாள். அலபாமாவின் அந்த மூலையில், கார்கள் இரண்டிரண்டாக நேர்கோட்டில் ஓடும் அவளுடைய ஓடுதளத்துக்கு வந்து சேர்ந்தது அறுபத்து மூன்று. காருக்கு நூறு டாலர் கட்டணம். பரிசைக் குறைத்தால் இனி ஒரு பயலும் எட்டிப் பார்க்க மாட்டான். கொடுத்தாலோ, திங்கட்கிழமை காப்பீட்டுத் தவணைக்குச் செல்லாக்காசுகூட மிஞ்சாது. தவணை கட்டாத ஓடுதளத்தில் ஒரு சக்கரமும் உருளக்கூடாது. வீட்டையும் இதற்காகத்தான் அடகு வைத்திருந்தாள்.

கோபுர அறையிலிருந்து மேற்கே பார்த்தாள். மழை கன்னங்கரேலென்று வந்துகொண்டிருந்தது. அவளை இனிக் காப்பாற்ற அது ஒன்றால்தான் முடியும், பத்து நிமிடம் பொறுத்து வந்தால். டிக்கெட் ஜன்னலில் ஒட்டிய விதி அப்படி: முதல் சுற்றில் ஒரே ஒரு ஜோடி ஓடிவிட்டாலும் கட்டணம் திரும்பாது, மிச்சப் பந்தயம் வேறொரு நாள். ஒரு ஜோடியும் ஓடாமல் கொட்டினால் பணம் வாபஸ்.

வெள்ளோட்டத்தைப் பாதியில் வெட்டினாள். தொடக்கக் கோட்டில் விளக்குப் பொத்தானோடு நின்ற தம்பி க்ளெட்டஸ், வாக்கி டாக்கியில் கேட்டான்: "என்னக்கா இவ்ளோ அவசரம்? மாப்பிள ஓடிப்போயிருவானா?"

"வாய மூடிட்டு முதல் ஜோடிய அனுப்புடா."

ஹாஸ்கெலின் பச்சைக் கார் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக வருகிறவர். டயர் சூடேற நின்ற இடத்திலேயே சுழற்றிப் புகைய விட்டார், கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்தினார். இன்னும் ஒரு முழம் நகர்ந்தால் அவர் பக்கத்து முதல் விளக்கு எரியும், இன்னும் கொஞ்சம் போனால் இரண்டாவது; இருவருக்கும் இரண்டும் எரிந்த பிறகுதான் க்ளெட்டஸ் பச்சை விளக்கைப் போடுவான். நகரவில்லை. அடுத்த தடத்தில் ஒரு பெண் ஓட்டிவந்த வெள்ளைக் காருக்கு எரிந்துவிட்டது. ஆனால் எதிராளிக்கு முதல் விளக்கு எரியாமல், இரண்டாவது விளக்கைத் தொட யாரும் முன்னே போக மாட்டார்கள். எங்கும் எழுதாத மரியாதை அது.

"ஏன்டா நிக்கிறாரு?"

"வானத்தப் பாக்குறாருக்கா."

"நேரம் முடிஞ்சுதுன்னு வெளிய தள்ளு! வெள்ளைக் காரு தனியா ஓடட்டும், போதும்!"

"அந்தப் பொண்ணு மாட்டேன்னு கையக் காட்டுது. அவரு வராம நான் நகர மாட்டேங்குது."

"அப்ப பொத்தான அமுக்கித் தொலை!"

"நிக்கிற வண்டிக்குப் பச்சை விளக்கு எரிஞ்சா ஓடுனதா ஆயிருமா? அத்தன பேரும் பாத்துட்டு நிக்கிறாங்கக்கா."

கோபுரக் கண்ணாடியில் முதல் துளி தெறித்தது. பிறகு எண்ண முடியவில்லை.

டிக்கெட் ஜன்னலில் வெர்னெட்டின் முன் முதல் ஆளாய் ஹாஸ்கெல். தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒரு தடவ ஓடியிருந்தா உங்களுக்கு நூறு டாலர்தானே போயிருக்கும்?" பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"எனக்கு நூறு. பின்னால நிக்கிறவன்ல பாதிப் பேரு டீசலுக்கே கடன் வாங்கி வந்தவன்."

அடுத்த பந்தயத்துக்கான சீட்டை எழுதி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"சீட்டு வேணாம் மிஸ் வெர்னெட். காசா குடு."

"இத்தன வருஷம் மழை வந்தா சீட்டுதானே வாங்கிட்டுப் போனீங்க?"

"அப்பல்லாம் அடுத்த சனிக்கிழமை இருந்துச்சு."

பெட்டியைத் திறந்தாள். இருபது டாலர் நோட்டு ஐந்து. அவர் நகர்ந்ததும் அடுத்த கை உள்ளே நீண்டது, அதுவும் சீட்டை வாங்கவில்லை. விபத்து நடந்தால் தூக்கிப்போகக் காத்திருந்த ஆம்புலன்ஸ்காரன் வாசலில் வண்டியைக் கிளப்பினான். அவனுக்கு அறுநூறு டாலரைக் காலையிலேயே கொடுத்திருந்தாள்.