அடுத்த வெர்ஷனில் இறங்கலாம்

வேதியியல் துறை ஆய்வுக்கூடத்தில் ஒரு மர நாற்காலி பத்தொன்பது வருடமாகக் கூரையை ஒட்டி மிதந்துகொண்டிருந்தது. பேராசிரியர் தான் கண்டுபிடித்த சாம்பல் நிறப் பசையை அதன் கால்களில் தடவியதோடு சரி, பிறகு அது இறங்கவில்லை. இருப்புப் பதிவேட்டில் 'நாற்காலி ஒன்று, நல்ல நிலை, மேலே' என்று எழுதிவைத்தார்கள். வருடா வருடம் சரிபார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பேராசிரியர் அதைப் பற்றி ஒன்பது கட்டுரைகள் எழுதினார். ஒன்பதும் 'மேலும் ஆய்வு தேவை' என்று முடிந்தன.

அவர் மனைவிக்குக் கட்டுரை வேண்டாம், படி இறங்கினால் போதும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு. முழங்கால் இரண்டும் மக்கர் பண்ணியதிலிருந்து நாலு வருடமாகத் தெருவை அவள் பால்கனியிலிருந்துதான் பார்த்தாள். எதிர்வீட்டுக் குழந்தை நடக்கப் பழகியதுகூட அவளுக்கு வெறும் உச்சந்தலையாகத்தான் தெரியும். "அந்தப் பசைய என் செருப்புல கொஞ்சம் தடவினா உங்களுக்கு என்ன குறைஞ்சுடும்?" என்று கேட்டால், ஏன் மிதக்கிறது என்றே தெரியாமல் எப்படித் தடவுவது என்பார் அவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரிடம் பிஎச்.டி.யைப் பாதியில் விட்டுப் போனவன் ஒருவன் உண்டு. துறையில் அவனுக்கு அரை டாக்டர் என்று பெயர். அவன் ஒரு கார் ஷெட்டில் ஸ்டார்ட்அப் தொடங்கி, பசையைக் கேட்டு வந்தான். உரிமைப் பத்திரத்தில் ஏழு கையெழுத்துப் போட பல்கலைக்கழகம் ஒன்றரை வருடம் எடுத்துக்கொண்டது. அரை டாக்டர் மூன்றே மாதத்தில் மிதக்கும் செருப்பைச் செய்துவிட்டான். ஏன் மிதக்கிறது என்று அவன் கேட்கவே இல்லை. யாருக்கு உதவும் என்று மட்டும் கேட்டான், முதல் ஜோடியைப் பேராசிரியர் வீட்டுக்கே கொண்டுவந்தான்.

அவள் போட்டுக்கொண்டு ஒரு சாண் எழும்பினாள். வலி இல்லை. படியில் காலை வைத்தாள். படி கீழே போனது, அவள் போகவில்லை. எந்த மட்டத்தில் மாட்டினார்களோ அந்த மட்டத்தை விட்டு அந்தச் செருப்பு இறங்காது. ஷெட்டில் எல்லாச் சோதனையும் தரைத்தளத்திலேயே நடந்ததால் இது யாருக்கும் தெரியவில்லை.

"இறங்குறது அடுத்த வெர்ஷன்ல வந்துடும்மா," என்றான் அரை டாக்டர், கொஞ்சமும் அசராமல்.

"நான் அப்பவே சொல்லல?" என்றார் பேராசிரியர். பத்தொன்பது வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை அவள் பார்த்ததில்லை.

அவள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். பீரோவைக் கயிறு கட்டி ஏற்றுவதற்காகப் பால்கனியில் வைத்திருந்த கம்பிக் கதவைத் திறந்து, தெருவுக்கு மேலே நடந்து போனாள். முகத்தில் வெளிக்காற்று பட்டதும் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

அடுத்த வெர்ஷன் இன்னும் வரவில்லை. கம்பெனி விளம்பரத்தில் இறங்காததையே சிறப்பம்சமாகப் போட்டுவிட்டார்கள், ஆர்டர் குவிகிறது. பேராசிரியர் பத்தாவது கட்டுரை எழுதுகிறார். மாலையில் கீழே கூடவே நடந்துகொண்டு, கழுத்து வலிக்க அவளோடு பேசுகிறார். மற்ற மூன்றாம் மாடிக்காரர்கள் சன்னல் வழியாக அவளுக்குக் காபி நீட்டுகிறார்கள். மழை வந்தால் தெருவில் முதலில் நனைகிறவள் அவள்தான். "வந்துடுச்சு" என்று அவள் குரல் கொடுத்ததும் கீழே துணி எடுக்க ஆரம்பிக்கிறார்கள்.