லமோசாவில் ஒரே ஒரு வாளி

கடல் வற்றிய காலை எட்டு மணிக்குப் பெனலாமா கரையில் எண்பத்து மூன்று பெண்கள் இடுப்பு ஒடியக் குனிந்து, சேற்றைச் சுரண்டி மட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் குட்டைப்பிடிச் சுரண்டி, பக்கத்தில் வாளி. வாய் மட்டும் ஓயவில்லை. எதிர்க்கரை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுச் சேதியையே இவர்கள் பேச்சிலிருந்துதான் தெரிந்துகொள்வார்கள்.

மட்டி எடுக்கும் இந்தப் பெண்களின் சங்கத்துக்குத் தலைவி டோசிண்டா. அவள் ஓர் அதட்டல் போட்டால் பறக்கிற கடற்காகம் வானத்திலேயே முட்டையிடும். அவள் கழுத்தில், சிலுவைக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு வளையம் தொங்கும். அதற்குள் நுழைந்து விழுகிற மட்டி சின்னது. திரும்பச் சேற்றுக்கே போக வேண்டும்.

"ஒப்துலியா, அத வெளிய போடு."

"அடியே, இது பெருசுடி. இதுக்குப் பேரன் பேத்தியே இருக்கும்."

"வளையத்துல விழுதே?"

"உன் வளையம் அகலமாயிடுச்சு, உன் இடுப்பு மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். ஒப்துலியா மட்டியைத் திரும்ப எறிந்தாள். டோசிண்டா சொன்ன எதையும் இருபது வருடமாக எதிர்க்காமல் விட்டதில்லை அவள்; எதிர்த்தபின் செய்யாமல் விட்டதும் இல்லை.

கரையின் மூலையில் லமோசா என்ற திட்டு இருந்தது. அங்கே ஒரு கால்தடம்கூடக் கிடையாது. மற்றத் திட்டுகளில் மட்டி அருகிப்போனதால், போன வருடம் மார்ச்சில் நகத்தளவு குஞ்சு மட்டிகளைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து இவர்களே அதில் விதைத்தார்கள். இந்தக் கிறிஸ்துமஸ் வரை யாரும் கை வைப்பதில்லை என்று கைதூக்கி முடிவெடுத்தார்கள். லமோசாவும் போனால் சங்கத்துக்குப் பூட்டுதான். அதனால் முறைவைத்துக் காவல். எந்த வீட்டு ஆள் கைவைத்தாலும் அந்த வீட்டுப் பெண் பதினைந்து நாள் கடலில் இறங்கக் கூடாது. அந்த விதியை எழுதியவளே டோசிண்டாதான்.

ஜூலையில் கார்மே மாதா திருநாள் வந்தது. சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிவரும் நாள்.

"இன்னைக்குக் காவல் வேண்டாம்," என்றாள் டோசிண்டா. "மாதா கடலப் பாத்துக்கிட்டு வர்ற அன்னைக்கு எவன்டி திருடுவான்?"

மாதா பார்த்தது உண்மைதான். தடுக்கத்தான் ஆள் இல்லை.

பவனி முடிந்து பகலில் டோசிண்டா வீட்டில் விருந்து. அவள் கணவன் எலாதியோ முப்பது வருடம் கப்பலில் சமைத்தவன். முழங்கால் வலிக்கிறது என்று பவனிக்கு வராமல், மட்டிபோட்டு அரிசி வேகவைத்திருந்தான். மணம் மலையேறிப் போய் மூன்று ஊர் நாய்களை அழைத்துவந்தது. ஒப்துலியா இரண்டு தட்டு முடித்து மூன்றாவதற்கு நீட்டினாள்.

டோசிண்டா ஒரு மட்டியை உறிஞ்சிவிட்டு ஓட்டைத் தட்டில் வைக்கப் போனாள். கை அந்தரத்தில் நின்றது. ஓட்டின் நடுவில் கறுப்பாக ஒரு தடித்த கோடு. இடம்மாற்றி விதைத்த மட்டி புதுச் சேற்றில் சில நாள் வளராமல் திகைத்து நிற்கும்; அந்தத் திகைப்பு ஓட்டில் கோடாகப் பதிந்துவிடும். பெனலாமாவில் லமோசா மட்டிக்கு மட்டுமே அந்தக் கோடு உண்டு.

வளையத்தைக் கழற்றி ஓட்டை உள்ளே போட்டாள். விழுந்தது.

"யோவ் எலாதியோ. இது எங்க எடுத்தது?"

"சந்தையில..."

"சந்தை இன்னைக்கு லீவு."

அவன் உப்பு ஜாடியை நகர்த்தி நகர்த்தி வைத்தான். "ஒரே ஒரு வாளிதான். ஊருக்கே பெரிய மனுஷி நீ. உன் வீட்டு விருந்து சப்புன்னு இருக்கலாமா? ஒரு வாளியில கடல் வத்திடுமா?"

ஒப்துலியா மெல்லத் தட்டைக் கீழே வைத்தாள். "விடுடி. நானே ரெண்டு தட்டு தின்னுட்டேன். வாயத் திறந்தா எனக்கும் அசிங்கம்."

டோசிண்டா எல்லார் தட்டிலிருந்தும் ஓடுகளை ஒரு பேசினில் அள்ளினாள்.

மறுநாள் சங்கக் கூட்டத்தில் அந்த பேசினை மேசைமேல் கவிழ்த்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். கூடம் ஒரு நிமிடம் ஊமையானது. பெனலாமா சரித்திரத்தில் அப்படி ஒரு நிமிடம் அதற்கு முன் கிடையாது.

"திருநாள் அன்னைக்குத்தானே, மன்னிச்சிடலாம்," என்றது ஒரு குரல். எழுபது கைகள் உயர்ந்தன.

"கையக் கீழ போடுங்கடி!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "காவல எடுத்தது நான். திருடுனது என் வீட்டு ஆளு. இன்னைக்கு எனக்கு மன்னிப்புன்னா நாளைக்கு யாருக்கு இல்ல? வீட்டுக்கு ஒரு வாளின்னா எண்பத்து மூணு வாளி. அப்புறம் கிறிஸ்துமஸுக்குச் சேத்தத்தான் சமைக்கணும்!"

ஒப்துலியா எழுந்தாள். எல்லாரும் அவள் எதிர்க்கப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். "அவ சொல்றதுதான் சரி," என்றாள். "தின்ன ரெண்டு தட்டுக்கு நானும் ரெண்டு நாள் இறங்கல."

பின்வரிசையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த எலாதியோவும் எழுந்தான். கிறிஸ்துமஸ் வரை தினமும் விடியற்காலைக் காவல் தன்னுடையது என்றான்.

பதினைந்து நாளும் டோசிண்டா கரையில் நின்று, மற்றவர்கள் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. எலாதியோ ஆகஸ்ட் போய் அக்டோபர் வந்தும் மழையில் குடையும் விசிலுமாக நின்றான். பூட்ஸில் பாசி முளைத்தது.

ஒரு விடியலில், அவனோடு சீட்டாடும் நண்பர்கள் இருவர் படகில் லமோசாவை நெருங்கினார்கள். எலாதியோ ஊதிய விசிலில் பாதி ஊர் விழித்துக்கொண்டது.

"ஏன்டா ஊரக் கூட்டுற? ஒரே ஒரு வாளிதான்டா. உனக்குத் தெரியாததா?"

"நல்லாத் தெரியும்டா. அதனாலதான் ஊதுறேன்," என்றான் எலாதியோ, தண்ணீருக்குள் இறங்கிப் படகின் மூக்கைப் பிடித்துத் திருப்பியபடி. "பொதுச்சொத்துல ஒரு வாளின்னு ஒண்ணு கிடையாது. நீ எடுக்குறது எண்பத்து மூணு வீட்டுச் சோறு. அத முதல்ல அவனவன் வீட்டு ஆளுகிட்ட இருந்துதான் காவல் காக்கணும். நான் லேட்டாத்தான் கத்துக்கிட்டேன். நீங்க இப்பவே கத்துக்கிட்டுத் திரும்பிப் போங்க."

அதற்குள் கரையில் எண்பத்து மூன்று சுரண்டிகள் வரிசையாக நின்றன. படகு திரும்பிப் போனது.