ஒன்பதாவது பாட்டில்

சின்னவளுக்கு எதையும் மூன்று முறை செய்யாவிட்டால் மனசு ஆறாது. கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பரீட்சைத் தாளை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கொடுப்பாள். தண்ணீர் எடுக்கும் பாட்டில்களை இரண்டு முறை அலசினால் போதும் என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்திருந்தார். இவள் ஐந்து முறை அலசினாள். சுத்தம் பார்த்தே கெட்டவர்களும் உலகத்தில் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கடைசி வருஷப் படிப்புக்கான புராஜெக்ட் அது. அவர்கள் தெருக்கோடியில் பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. இருக்கிற உலை ஒன்று. இன்னும் மூன்று கட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார்கள். கட்டினால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும், இப்போதே எவ்வளவு வந்திருக்கிறது என்று ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். நான்கு பேர் கொண்ட குழு. ஒருவனுக்குக் காற்று, ஒருத்திக்கு மண், இன்னொருவனுக்குச் சத்தம். தண்ணீர் இவளுக்கு வந்தது.

தண்ணீர்தான் அவள் வீட்டில் ஓயாத பேச்சு. அப்பா மோட்டார் மெக்கானிக். ஆழ்குழாய்க் கிணறுகளில் இறக்கிய பம்புகளை வெளியே எடுத்துப் பழுது பார்ப்பவர். "முன்னெல்லாம் ஒரு பம்பு இறக்கினா பத்து வருஷம் திரும்பிப் பாக்க வேண்டாம். இப்ப ரெண்டே வருஷத்துல எலி கடிச்ச மாதிரி வெளிய வருது. தண்ணியில ஏதோ கலக்குறாங்க," என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்வார். தெரு கேட்டது, ஆபீஸ் கேட்கவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவன் சொல் அம்பலத்து வாசற்படியைக்கூட மிதிக்காது.

வீட்டில் அக்கா பெரியவளும் அவள் குழந்தையும் இருந்தார்கள். பெரியவளின் வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. குழந்தைக்கு மூன்று வயது முடியப்போகிறது, இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துக்கொள்ளும். "சில குழந்தைங்க லேட்டாத்தான் பேசும்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அப்பா ஒரு ஃபில்டர் வாங்கிச் சமையலறையில் வைத்தார். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அதில் கண்ணாடி மாதிரி இறங்கும். குழந்தைக்கு அது மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னவள் எட்டுக் கிணறுகளில் எட்டு பாட்டில் நிரப்பினாள். ஒன்பதாவது பாட்டிலுக்கு பிளாங்க் என்று பெயர். அதில் கிணற்றுத் தண்ணீர் கூடாது. கடையில் வாங்கிய, காய்ச்சி வடித்த சுத்தத் தண்ணீரை ஊற்ற வேண்டும். மற்ற எட்டோடு அதுவும் சேர்ந்து பயணம் செய்யும். சோதனையில் அந்தச் சுத்தத் தண்ணீரிலும் ஏதாவது தெரிந்தால், அது பாட்டிலிலோ கையிலோ இருந்த அழுக்கு என்று அர்த்தம். அந்த அளவை மற்ற எட்டிலிருந்தும் கழித்துவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஐந்து முறை அலசியதில் வடித்த தண்ணீர் கேன் காலியாகிவிட்டது. கல்லூரி பூட்டியிருந்தது, கடையும் இல்லை. அவள் சமையலறைக்குப் போனாள். ஃபில்டர் குழாயைத் திறந்து ஒன்பதாவது பாட்டிலை நிரப்பி, மூடி, மூன்று முறை திருகிப் பார்த்தாள். குழந்தை குடிக்கிற தண்ணீரை விடச் சுத்தமானது எது என்று நினைத்தாள். பிசகு என்று அவளுக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது. லேப் டெக்னீஷியன் தாளை நீட்டிச் சிரித்தார். "என்னம்மா, சில கிணறு மைனஸ்ல வருது? உங்க தெருத் தண்ணியில ஈயம் இல்லாததோட, கொஞ்சம் கொண்டுபோய்ப் போட்டாத்தான் பூஜ்யத்துக்கே வரும் போல!" மைனஸ் வந்த இடங்களில் எல்லாம் 'கண்டறியப்படவில்லை' என்று போட்டுக் கொடுத்தார். லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் வரை ஈயம் இருக்கலாம் என்பது விதி. எந்தக் கிணறும் அதைத் தாண்டவில்லை. அவள் 'நிலத்தடி நீருக்குப் பாதிப்பு இல்லை' என்று எழுதினாள். எழுதும்போது அப்பாவின் பம்புகள் நினைவுக்கு வந்தன. அவருக்கு என்ன தெரியும், எண் பொய் சொல்லுமா என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள்.

மூன்று வாரம் கழித்து, வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் அந்த மைனஸ் அவளை உறுத்தியது. ஒன்றுமே இல்லாததை விடக் குறைவாக ஒரு பொருள் எப்படி இருக்க முடியும்? டெக்னீஷியனிடம் போய்க் கழிக்காத எண்களை வாங்கினாள். கிணறுகளில் ஐம்பத்தெட்டு, அறுபத்து நான்கு, நாற்பத்தொன்பது, எழுபது என்று இப்படியே எட்டும். பிளாங்க் பாட்டிலில் அறுபத்தொன்று.

அடிமடியிலேயே கை வைத்த மாதிரி இருந்தது. எட்டுக் கிணற்று விஷத்தையும் அவள் வீட்டு விஷம் கழித்துவிட்டிருந்தது. ஃபில்டர் கலங்கலைத்தான் பிடித்தது, கரைந்திருந்த ஈயத்தை விட்டுவிட்டது. அந்த அறுபத்தொன்றைத்தான் இத்தனை நாளும் குடித்துக்கொண்டிருந்தது குழந்தை. ஈயம் ஏறினால் பேச்சு தள்ளிப்போகும், வயிறு வலிக்கும் என்று பாடப் புத்தகத்தில் அவளே அடிக்கோடு போட்டிருந்தாள். தாளை எடுத்துக்கொண்டு நேரே பேராசிரியர் அறைக்குப் போனாள்.

பேராசிரியர் தாளை வெகுநேரம் பார்த்தார். "வடிச்ச தண்ணி தீர்ந்துபோச்சுன்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"ஞாயித்துக்கிழமை சார்."

"அறிக்கை நம்ம கையை விட்டுப் போயாச்சும்மா. உள்ள வந்து பாக்க அனுமதிச்சாங்கன்னு தொழிற்சாலைக்காரங்களுக்கு ஒரு பிரதி குடுத்தேன். அவங்க அதை அனுமதி மனுவோட இணைச்சுட்டாங்க."

"வர்ற வியாழக்கிழமை மக்கள்கிட்ட கருத்துக் கேக்குற கூட்டம் சார். அதுக்குள்ள ஒரு கடிதம் குடுத்தா..."

"குடு. பொய்த் தரவுன்னு ஒரு வார்த்தை எழுதினா உங்க நாலு பேர் பட்டமும் நின்னுபோகும். மத்த மூணு பேருக்கும் வேலை கிடைச்சிருக்கு. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? கீழ என் கையெழுத்தும் இருக்கு." அவர் கெட்டவர் இல்லை; பயந்தவர். பயந்தவன் செய்கிற கெடுதலிடம் கெட்டவன் பிச்சை வாங்க வேண்டும். தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "அடுத்த வருஷப் பசங்களை வச்சு திரும்ப எடுத்துப் பாக்கலாம். இப்ப வீட்டுக்குப் போ."

அவள் வீட்டுக்குப் போனாள். ஃபில்டர் பழசாகிவிட்டது என்று சொல்லி அன்றே கேன் தண்ணீர் வரவழைத்தாள். "நல்லாத்தானே இறங்குது?" என்றாள் பெரியவள். சின்னவள் கேனைத் தூக்கிச் சமையலறையில் வைத்தாள். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் குழந்தை வரைக்கும் சொல்ல வேண்டும். அக்காவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் தைரியம் அவளுக்கு இல்லை.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் ஒரே ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அப்பா இருக்கிறார். கூட்டத்தில் பேச முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அரித்துப்போன பம்பு ஒன்றைச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். தெருவே அவர் பின்னால் நிற்கிறது. அவர் பேசினால் இந்த உலைகள் வராது. நான் வாயைத் திறக்காமலே காரியம் நடந்துவிடும். மனுவோடு இணைத்ததை எல்லாம் எவன் படிக்கிறான்?

தொழிற்சாலை மேனேஜர் படித்தார். வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட ஹாலில், நூறு நாற்காலிகளும் நிறைந்திருக்க, மைக்கைப் பிடித்து நிறுத்தி நிதானமாகப் படித்தார். "இது நாங்க காசு குடுத்துச் செஞ்ச ஆய்வு இல்லைங்க. கல்லூரி மாணவர்கள் செஞ்சது. தண்ணியைச் சோதிச்சது உங்க தெருப் பொண்ணு. நிலத்தடி நீருக்குப் பாதிப்பு இல்லைன்னு எழுதியிருக்கு." பிறகு அவள் பெயரைச் சொன்னார்.

அப்பா ஏற்கெனவே மைக்குக்குப் பக்கத்தில் சாக்கோடு நின்றிருந்தார். அவர் திரும்பி அவளைத் தேடினார். கண்டுபிடித்ததும் அவர் முகத்தில் கோபம் இல்லை. வெட்கம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. கூட்டத்தை நடத்திய அதிகாரி, "நீங்க பேசலாம்," என்றார்.

"நான் மோட்டார் பாக்குறவன்," என்றார் அப்பா. "பம்பைப் பாத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு நானா ஒரு முடிவுக்கு வந்தேன். ஊரையும் கிளப்பிவிட்டேன். என் பொண்ணு மெஷின்ல வச்சுப் பாத்திருக்கா. எதையும் மூணு தடவை பாக்காம விட மாட்டா. என்கிட்ட ஏன் சொல்லலைன்னா, அப்பன் மனசு நோகும்னு இருந்திருப்பா. என் ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கறேங்க."

ஹாலில் சலசலப்பு ஓடியது. சின்னவள் எழுந்தாள். "தப்பு! அந்த எண் எல்லாம் தப்பு! கழிக்கிற பாட்டில்ல எங்க வீட்டுத் தண்ணிய ஊத்திட்டேன். எல்லாக் கிணத்துலயும் ஈயம் இருக்கு. எங்க வீட்டுலயும் இருக்கு!"

"எந்த பாட்டில்மா?" என்றார் அதிகாரி. "ஆதாரம் ஏதாவது கொண்டு வந்திருக்கியா?"

அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். பேராசிரியர் எழுந்து, அவள் பக்கம் திரும்பாமலே, "அறிக்கை சரியாத்தான் இருக்கு. பொண்ணு கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டிருக்கா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்க மேஜையில..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அப்பா மைக்கில் குறுக்கிட்டார்.

"உக்காரும்மா. நாலு பேர் முன்னாடி அப்பன் தலைகுனிஞ்சு நிக்கிறானேன்னு நீ உன் படிப்பையே பொய்யாக்காதே." பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "எனக்காகச் சொல்றாளுங்க. பெத்தவனுக்கு இதை விட என்ன வேணும்? அவ எழுதினதுதான் நிஜம், அதையே எடுத்துக்கங்க."

யாரோ கை தட்டினார்கள். பிறகு ஹாலே தட்டியது. அடுத்துப் பேசப் பெயர் கொடுத்திருந்த பதினோரு பேரில் ஒருவரும் எழவில்லை. அவர்கள் அவரை நம்பி வந்தவர்கள். அவர் அவளை நம்பிவிட்டார். அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதி, கூட்டம் முடிந்தது என்று சொன்னார்.

அப்பா சாக்கைச் சுவரோரம் விட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வாய்விட்டு அழுதாள். அவர் அதையும் தப்பாகவே எடுத்துக்கொண்டார். "விடும்மா, எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை," என்று முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.