தாழ்ப்பாளில் ஒரு விரலளவு துரு

1

என் மகள் கேட்ட ஒரு கேள்வியில்தான் இந்தக் கதை பிறந்தது. "அப்பா, அந்தத் தாழ்ப்பாளைச் சுரண்டிட்டுப் புதுசா முலாம் பூசிடவா?"

எழுதிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இதைவிடக் கௌரவமான காரணம் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

2

முதல் தொடக்கம்: 'என் மனைவி வீட்டிலேயே இரும்புச் சாமான்களுக்கு நிக்கல் முலாம்…'

அடித்துவிட்டேன். மரியாதையான குடும்பம் துணி துவைக்கும் இடத்தில் பட்டறை வைத்திருந்தது என்று நினைப்பீர்கள். பட்டறையெல்லாம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, பச்சைக் கரைசல், பேட்டரி சார்ஜர், இரண்டு ஒயர். பழைய கத்தரிக்கோல், கீல், சைக்கிள் மணி என்று எது கிடைத்தாலும் முக்கி எடுப்பாள். யாராவது கேட்டால், பாத்திரம் கழுவுகிறாள் என்பேன்.

"உங்க கௌரவத்தையும் கழட்டிக் குடுங்க. ஒரு கோட்டிங் போட்டுத் தர்றேன்" என்பாள்.

(இந்த வரியை எடுத்துவிட நினைத்தேன். இருக்கட்டும். அவள் குரலோடு நினைவிலிருப்பவை குறைந்துகொண்டே வருகின்றன.)

3

வாசகர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். உப்புத்தாளால் தேய்த்து, சோப்புநீரில் கழுவிய இரும்பை வெறுங்கையால் தொடக் கூடாது. விரலின் பிசுக்குப் பட்ட இடத்தில் முலாம் பிடிக்காது.

கடைசியாக அவள் எடுத்தது வாசல் கதவின் தாழ்ப்பாள். அப்போதே அவளால் நிற்க முடியவில்லை.

"கொஞ்சம் புடிங்க. கையுறை போட்டீங்களா?"

"எனக்குத் தெரியும். நீ உன் வேலையப் பாரு."

ஒயரை முடிச்சுப் போடுவதற்காக அவள் ஒரு கையுறையைக் கழற்றியிருந்தாள். நானோ…

தாழ்ப்பாள் நழுவியது. இருவருமே எட்டிப் பிடித்தோம்.

முலாம் ஏறி வெளியே வந்தபோது, நடுவில் ஒரு கட்டைவிரல் இடம் மட்டும் வெறும் இரும்பாக இருந்தது.

"யாரு கைங்க இது?" என்று சிரித்தாள். "சரி விடுங்க, உடம்பு தேறட்டும். சுரண்டிட்டு மறுபடி பூசிக்கலாம்."

தேறவில்லை. தாழ்ப்பாளை நான்தான் திரும்பக் கதவில் மாட்டினேன்.

4

அந்த இடத்தில் இப்போது துரு. விட்டுவைத்தால் முலாமுக்கு அடியில் பரவித் தாழ்ப்பாளையே தின்றுவிடும். சுரண்டினால் அந்த விரல் போய்விடும்.

ஒரு முடிவு: அது அவள் விரல், அப்படியே இருக்கட்டும். (அவள் ஒருநாளும் அப்படித் தொட்டவள் அல்ல. இறந்தவள்மேல் பழி போட்டு எங்கள் வீட்டில் யாரும் கதை எழுதியதில்லை.)

இன்னொரு முடிவு: அது என் விரல். சுரண்டிவிடு, மகளே. (நான்கு முறை எழுதி, நான்கு முறையும் கிழித்தேன்.)

"விரல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்லப்பா? அம்மா விரல் சின்னது."

வைத்துப் பார்த்திருக்கலாம், அன்றைக்கே. ஒவ்வொரு மழைக்கும் துரு கொஞ்சம் அகலமாகிறது. அவளுடையதாகவே இருந்தாலும், இந்நேரம் என் விரல் அளவுக்கு வந்திருக்கும்.

5

மகள் உப்புத்தாளோடு வாசலில் நிற்கிறாள். இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். சரி என்றோ வேண்டாம் என்றோ நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். தயங்காமல் வாருங்கள். அந்தக் கதவை நான் தாழிடுவதில்லை.