பச்சைப் பட்டை

எதையும் படமாகப் போட்டுப் பார்த்தால்தான் என் கணவருக்குத் தூக்கம் வரும். எனக்கு வேலை முடிந்தால் போதும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே அலுவலக அறையில் உட்கார வைத்தது யார் செய்த பாவமோ தெரியவில்லை.

நகரத்துப் பேருந்துகளின் ஒரு நாள் ஓட்டத்தைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கும் நிரல் என்னுடையது. ஊரை எட்டாகப் பிரித்து, வலையில் இணைத்த எட்டுக் கணினிகளுக்கு ஆளுக்கொரு பகுதி கொடுத்திருந்தேன். ஒரு நிமிடத்தை எட்டும் முடித்தால்தான் அடுத்த நிமிடம். எதுவும் முந்திக்கொண்டு ஓட முடியாது. மதியம் மேலாளர் வருவதற்குள் முடிவு கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை பக்கத்துக் குழுவுக்குப் போய்விடும். அன்று பார்த்து ஆமை வேகத்தில் நகர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“இங்க பாரேன், இதுக்குத்தான் படம் வேணும்ங்கறது” என்று கணவர் தன் திரையைத் திருப்பினார். மேலாளருக்குக் காட்டவென்று அன்று காலையில்தான் அந்தப் படத்தை, எட்டில் ஒன்றான தன் கணினியில் ஓடவிட்டிருந்தார். ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பட்டை: உழைத்தால் பச்சை, காத்திருந்தால் சாம்பல். ஏழு பட்டைகள் சாம்பலாகக் கிடந்தன. அவருடையது மட்டும் பச்சைப்பசேல்.

“ஏழும் தூங்குது. என் மெஷின் ஒண்ணுதான் மாடா உழைக்குது!” பெருமை தாங்கவில்லை அவருக்கு.

திட்டிக்கொண்டே ஏழையும் சோதித்தேன். ஒன்றிலும் குறையில்லை. மறுபடி அந்தப் பச்சையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வீட்டில் வெளியே கிளம்பும்போது எல்லாரும் காரில் ஏறி உட்கார்ந்திருப்போம். இவர் மட்டும் உள்ளே தலை வாரிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் வீட்டிலேயே சுறுசுறுப்பான ஆள் இவர்தான்.

“ஏங்க, அதுங்க தூங்கல. உங்களுக்காகக் காத்துட்டு இருக்கு. பஸ்ஸும் ஓட்டணும், படமும் வரையணும்னா உங்க மெஷின் என்னதான் செய்யும்?”

“என் படமா காரணம்?”

“அதேதான். காட்டிக்கொடுத்ததும் அதேதான்.”

முகம் தொங்கிப்போனது. படத்தை, சும்மா கிடந்த ஒரு மடிக்கணினிக்கு மாற்றினார். எட்டுப் பட்டைகளும் பச்சையாகின. அலுவலகமாயிற்றே என்று அவரைக் கட்டிக்கொள்ளாமல் விட்டேன்.

மேலாளர் வந்தபோது கணினிக்குள் பேருந்துகள் எல்லாம் பணிமனைக்குத் திரும்பியிருந்தன. “வேலை உங்ககிட்டயே இருக்கட்டும். ஆனா அந்தப் படமும் கூடவே வரணும்” என்றார். கணவருக்குத் தலைகால் புரியவில்லை.

இந்தக் கதையை வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் நாத்தனாரும் காரில் ஏறி உட்கார்ந்தோம்.

“எங்க எங்கண்ணன்?” என்றாள் நாத்தனார்.

மகள் ஜன்னல் வழியே வீட்டை எட்டிப் பார்த்தாள்.

“அப்பா இன்னும் பச்சையில இருக்கார் அத்தை. நாமதான் சாம்பல்.”