அறாத பெல்ட்

அந்த டாக்ஸியின் என்ஜினில், பெல்ட் ஓட வேண்டிய இடத்தில் டிரைவருக்கும் அவர் மனைவிக்கும் நடந்த சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுடைய தையல் மெஷினை விற்று அவர் இந்த லொடலொட வண்டியை வாங்கிய அன்று தொடங்கிய சண்டை அது. காய்ச்சலில் படுத்த நாளில்கூட இருவரும் அதை விட்டதில்லை.

மகளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு, வாரம் இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்தாக வேண்டும் என்று ஆன நேரம் பார்த்துத்தானா பெல்ட்டும் வெடித்துக் கீச்சிட வேண்டும்! கைக்கு வந்ததெல்லாம் மருந்துக்கே போனது. புது பெல்ட்டுக்கு மனிதர் எங்கே போவார்? சோப்புத் தேய்த்துப் பார்த்தார். நைலான் துணியை முறுக்கிக் கட்டிப் பார்த்தார். அது தெருமுனை தாண்டவில்லை. மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "நீளமா, சூடு தாங்குறதா, அறாததா எதையாவது கொண்டாங்கண்ணே, மாட்டித் தர்றேன்." பின்சீட்டில் மகளை மடியில் கிடத்தியிருந்த மனைவி, "என் மெஷின் இருந்திருந்தா நானே தைச்சு சம்பாதிச்சு வாங்கியிருப்பேன்" என்று ஆரம்பித்தாள். இவரும் விடவில்லை. மெக்கானிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இருவருக்கும் நடுவிலிருந்து அந்தச் சண்டையை எடுத்து, இழுத்துப் பார்த்து, சக்கரங்களில் சுற்றி மாட்டினார். விரல் தடிமன், கறுப்பு நிறம். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.

அதன்பிறகு போகும்போதும் வரும்போதும் ஓயாத சண்டைதான். மகள் அதிலேயே தூங்கப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பாலத்தின் மேல் போகும்போது மனைவி உடைந்து அழுதாள். "போகட்டும் விடுங்க அந்த மெஷினை. பாவம், நீங்களும் என்னதான் பண்ணுவீங்க" என்று அவர் தோளில் நெற்றியைச் சாய்த்தாள். எத்தனை வருடமாக அவர் ஏங்கிய வார்த்தை! ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது, பானெட்டிலிருந்து ஆவி வந்தது, வண்டி நின்றுவிட்டது. "திட்டுடி, தயவுசெஞ்சு திட்டு" என்று கெஞ்சினார். அவளுக்கு வாய் வரவில்லை. மகளின் உதடு நீலம் பூத்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "உன் வயித்துல வந்து பொறந்தா பாரு, அதான்டி அவளுக்கு வந்த நோயே."

"என்ன சொன்னே நீ?" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது.

மகள் பிழைத்துக்கொண்டாள். மனைவி அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சொன்னது பொய், வண்டிக்காகச் சொன்னது என்று அவருக்கு வாய்வரை வரும், கண்ணாடியில் மகள் தெரிவாள், விழுங்கிவிடுவார். வயிற்றைக் கட்டிக் காசு சேர்த்துப் புது பெல்ட் வாங்கிய அன்று, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று மெக்கானிக்கிடம் ஓடினார். மெக்கானிக் நெம்பிப் பார்த்தார், அறுத்துப் பார்த்தார், தீயை வைத்தும் பார்த்தார்.

"கழல மாட்டேங்குதுண்ணே. முன்னது மாதிரி இல்ல இது. ஆயுசுக்கும் தாங்கும்."

அவர் புது பெல்ட்டைப் பையோடு டிக்கியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நேரமாகியிருந்தது.